ஸ்கேலிங் செய்த பிறகு ஈறு இறங்கித் தெரிகிறது, பல்லிடுக்கில் சந்து விழுந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

மழைமேகம்36:

வணக்கம். வயது 36, பெண். மூன்று வாரத்துக்கு முன்னால் பல் மருத்துவரிடம் போனேன். அதற்கு முன் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கீழ்வரிசை முன்பற்களுக்கு உட்புறம் காரை படிந்து, நாக்கை வைத்தால் இடைவெளியே இல்லாமல் ஒரே சுவராகத் தட்டுப்படும். துலக்கும்போது ரத்தமும் வரும், ஆனால் அது எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டேன். அந்தக் காரையை எடுக்கும் ஸ்கேலிங் முடிந்து வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் கீழ்ப்பற்கள் நாலும் நீண்டுபோய் நிற்கின்றன, பல்லுக்குப் பல் ஈறு இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணமாகக் கறுப்புச் சந்து. தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தாலே உச்சந்தலை வரை கூசுகிறது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மேல்வரிசை இடப்பக்கக் கோரைப்பல்லில் ஈறு மேலே ஏறிப்போயிருக்கிறது, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் 3 மில்லிமீட்டராவது இருக்கும். அந்த இடத்தில் பல் மஞ்சளாக இருக்கிறது, நகத்தால் வருடினால் ஒரு பள்ளத்தில் சிக்குகிறது. இது முன்பே இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவரிடம் திரும்பக் கேட்டதற்கு "ஈறு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அழுத்தித் தேய்க்காதீர்கள்" என்றார், அவ்வளவுதான். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், எனக்கும் அந்த நேரத்தில் என்ன கேட்பதென்று ஓடவில்லை. பெரியம்மாவோ "சும்மா இருந்த பல்லைச் சுரண்டி வேரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், இனி அந்தப் பக்கமே போகாதே" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்கேலிங்கால்தான் ஈறு போனதா? போன ஈறு திரும்ப வளருமா? பல் விழுந்துவிடுமா? ஈறு ஒட்டும் ஆபரேஷன் என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன், யாராவது செய்திருக்கிறீர்களா? ஒரு விஷயம், நான் ஹார்டு பிரஷ்தான் பயன்படுத்துகிறேன், அழுத்தித் தேய்த்தால்தான் எனக்குச் சுத்தமான உணர்வே வரும்.

கணியன்7:

எனக்கும் அப்படியே நடந்தது. ஸ்கேலிங் செய்த அன்றிலிருந்து பல்லில் சந்து, கூச்சம். அதற்கு முன் எந்தத் தொந்தரவும் இல்லை. அதோடு போவதை விட்டுவிட்டேன், ஒரு வருடத்தில் சந்து தானாக மூடிக்கொண்டது, கூச்சமும் போய்விட்டது. உங்கள் பெரியம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நடைவண்டி:

தம்பி கணியன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சந்து மூடிக்கொண்டது என்கிறீர்களே, அதை மூடியது ஈறு இல்லை, பெரும்பாலும் திரும்பப் படிந்த காரைதான். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நீங்கள் இப்போது நிற்கிற அதே இடத்தில் நானும் நின்று, கீழ்வரிசையில் ஒரு பல்லை இழந்தவன்.

எனக்கு இப்போது 54. நாற்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை ஸ்கேலிங் செய்தேன், மழைமேகம் சொன்ன அதே முக்கோணச் சந்து, அதே கூச்சம். பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி ஏழு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட ஈறில் ரத்தம் வந்ததில்லை, அதனால் என் ஈறு கல்லாட்டம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் அப்போது சிகரெட் பிடிப்பேன். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ரத்தக்கசிவு என்கிற எச்சரிக்கையையே மறைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே ஈறு வெளிறி இறுக்கமாகத் தெரியும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வலியே இருக்காது.

ஒரு நாள் நாக்கால் தள்ளினால் கீழ்ப்பல் ஆடியது. அப்போதுதான் ஈறு நிபுணரிடம் போனேன். மெல்லிய கம்பி மாதிரி ஒன்றில் மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும், அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளந்தார். 3 வரை இருந்தால் நல்ல ஈறு என்றார். எனக்குச் சில இடங்களில் 6, 7 வந்தது, ஆடிய பல்லில் 9. எக்ஸ்ரேயில் அந்தப் பல்லைச் சுற்றி எலும்பே இல்லை, எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை எனக்கு இருக்கிறது என்பதே ஈறு மருத்துவரால்தான் தெரியவந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்குமாம். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரை அடங்காது.

மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நாலாகப் பிரித்து, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காரையை எடுத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைக்க வேண்டியிருந்தது. சிகரெட்டை விட்டேன், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். ஐந்து வருடமாக அளவு அப்படியே நிற்கிறது. போன ஈறு வரவில்லை, பற்கள் நீளமாகத்தான் தெரிகின்றன, ஆனால் இருக்கின்றன. மழைமேகம், உங்களுக்கு 36 தான் ஆகிறது, தயவுசெய்து போவதை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை "எனக்கு அளந்து சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வெள்ளைக்காகிதம்:

நடைவண்டி அண்ணா சொன்னதில் கீழ்ப்பல் விஷயம் சரி. ஆனால் அந்தக் கோரைப்பல் வேறு கதை மாதிரி தெரிகிறது, ஏனென்றால் அது அப்படியே என் கதை. எனக்கு ஈறு நோயே இல்லை, காரை இல்லை, ரத்தம் இல்லை, யார் பார்த்தாலும் பல்லை நன்றாக வைத்திருக்கிறாய் என்பார்கள். அந்த நன்றாக வைத்திருந்ததுதான் பிரச்சினையே. ஹார்டு பிரஷ்ஷைக் குறுக்குவாட்டில் ரம்பம் அறுக்கிற மாதிரி இழுப்பேன், அதுவும் பல்லை வெள்ளையாக்கும் கரித்தூள் பற்பசை போட்டு. 29 வயதில் மேல்வரிசையில் கோரைப்பல், அதற்குப் பின்னால் இருக்கும் பல் இரண்டிலும் ஈறு ஏறிவிட்டது, நீங்கள் சொல்கிற அதே நகம் சிக்கும் பள்ளம்.

கோரைப்பல் வரிசையின் வளைவில் துருத்திக்கொண்டு நிற்பதால் பிரஷ்ஷின் முழு அழுத்தமும் அதன் மேல்தான் விழும். அதற்கு மேல் சிலருக்கு ஈறு இயற்கையாகவே மெல்லிசாக இருக்கும், உள்ளே எலும்பும் காகிதம் போல, எனக்கு அப்படித்தான். சின்ன வயதில் கிளிப் போட்டுப் பல்லை வெளிப்பக்கமாக நகர்த்தியிருந்தார்கள், அதுவும் சேர்ந்திருக்கலாம் என்றார்கள். ஒரே காரணம் என்று கையைக் காட்ட முடியாது போல.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்துகொண்டேன். ஆனால் உடனே செய்யவில்லை, மருத்துவர் முதல் ஆறு மாதம் துலக்கும் விதத்தை மாற்றச் சொன்னார். பழைய கையோடு ஒட்டினால் ஒட்டியதும் தேய்ந்துவிடும் என்பதை அவர் சொல்லியே கொடுத்தார், அது நியாயம்தான். அதன் பிறகு, மேலண்ணத்திலிருந்து தோலுக்கு அடியில் இருக்கும் சதையில் ஒரு சின்னத் துண்டு எடுத்து, கோரைப்பல்லின் ஈறைத் தளர்த்தி, அந்தத் துண்டை வேரின் மேல் வைத்து, ஈறை இழுத்து மூடித் தைத்தார்கள். மரத்துப்போக ஊசிதான், முழு மயக்கம் இல்லை, ஒன்றரை மணி நேரம் ஆனது. வலி ஈறில் இல்லை, எடுத்த இடத்தில்தான். அண்ணம் ஒரு வாரம் சூடான எதையோ வைத்துச் சுட்ட மாதிரி இருந்தது. இரண்டு வாரம் அந்தப் பக்கம் பிரஷ் படவே கூடாது, மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க மட்டும். உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்காதே என்று சொல்லியிருந்தார்கள், பார்த்தால் தையல் இழுபடும். அந்த ஆசையை அடக்குவதுதான் பெரிய பாடு!

நான்கு வருடம் ஆகிறது. கோரைப்பல்லில் வேர் முழுதாக மூடியிருக்கிறது, பின்பல்லில் முக்கால்வாசி. கூச்சம் போய்விட்டது. என்னைக் கேட்டால் பலனுள்ள வேலை, ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது அந்த ஹார்டு பிரஷ்ஷை எடுத்துக் குப்பையில் போடுவது.

பல்லும்சொல்லும்:

ஈறு சிகிச்சையில் மேற்படிப்பு முடித்து அதையே தொழிலாகப் பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன். வாயைப் பார்க்காமல் யாருக்கும் நோய் சொல்ல முடியாது. ஆனால் மேலே எழுதிய நடைவண்டியும் வெள்ளைக்காகிதமும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், மழைமேகம், உங்கள் விவரத்தைப் படித்தால் இரண்டு பேரும் சரியாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. ஒரே வாயில் இரண்டு வேறு விஷயங்கள் நடப்பது எங்களுக்குத் தினமும் பார்க்கிற காட்சி. இரண்டுக்கும் "ஈறு இறங்குதல்" என்று ஒரே பெயர் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் கீழ்வரிசை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரக்கும் வாய் இருப்பதால் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை சீக்கிரம் படியும். படிந்த காரை மேல் கிருமிப்படலம் நிரந்தரமாகக் குடியிருக்கும், ஈறு வீங்கும், கசியும், வருடக்கணக்கில் விட்டால் உள்ளே எலும்பு கரையும். எலும்பு இறங்கினால் ஈறும் இறங்கும், ஆனால் அதை நீங்கள் பார்க்க முடியாது, ஏனென்றால் வீங்கிய ஈறும் காரையும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை அடைத்து மறைத்திருக்கும். காரையை எடுத்து, வீக்கமும் வடிந்ததும் உண்மையான மட்டம் தெரியவருகிறது. அதாவது சந்து அன்றைக்கு உண்டானதில்லை, அன்றைக்குக் கண்ணில் பட்டது. கூச்சமும் அதே காரணத்தால்தான், அதுவரை வேரைப் போர்த்தியிருந்த காரை போனதும் வேர் குளிர்ச்சியை நேராக உணர்கிறது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை, எது முன், எது பின் என்பதுதான் மாறிப்போயிருக்கிறது.

துலக்கும்போது ரத்தம் வருவது எல்லோருக்கும் வருவதுதானே என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் அப்படி விடக்கூடாது. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது, திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல் ஆனதும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டம் வரை முழுதாகத் திரும்பலாம். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு நிறுத்தத்தான் முடியும், பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். எல்லோருக்கும் முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்குப் போவதில்லை, ஆனால் யாருக்குப் போகும் என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும்.

இப்போது கோரைப்பல். வலக்கையால் துலக்குபவர்களுக்கு இடப்பக்கத்தில் இது அடிக்கடி வருகிறது. பக்கத்து இடுக்குகளில் ஈறு கூம்பாக நன்றாக இருந்து, பல்லின் முன்முகத்தில் மட்டும் ஏறியிருந்தால், நகம் சிக்கும் பள்ளமும் இருந்தால், அழுத்தம்தான் முதல் சந்தேகம். மெல்லிய ஈறு, பல் வெளிப்பக்கம் துருத்தி நிற்பது, உதட்டை இழுக்கும் தசைநாண் ஈறு ஓரத்துக்கு மிக அருகில் ஒட்டியிருப்பது, உதட்டிலோ நாக்கிலோ அணிகலன் குத்தியிருப்பது, ஈறுக்கு அடியில் போகும்படி மோசமாகச் செய்த உறை அல்லது அடைப்பு, ஒரே இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது, இவையும் உதவிக்கு வரும். வயதானால் ஈறு இறங்கும் என்பார்கள், வயது நேரடிக் காரணம் இல்லை, இத்தனையும் பல வருடம் சேர்ந்துகொண்டே போவதுதான்.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது நடைவண்டி சொன்ன அளவு. அதில் இரண்டு எண் உண்டு, இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஒன்று ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, மற்றொன்று ஈறு ஓரத்திலிருந்து உள்ளே, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் பை எவ்வளவு ஆழம். 3 இறங்கி, பையும் 4 ஆழம் என்றால் அந்தப் பல் மொத்தம் 7 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருக்கிறது. 3 இறங்கி, பை 1 தான் என்றால் பார்வைக்கு அதே பல், நிலைமை முற்றிலும் வேறு. கண்ணாடியில் தெரிவது முதல் எண் மட்டும்தான். பல் விழுமா என்று பயப்படுகிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை, கூடவே எக்ஸ்ரேயில் எலும்பு மட்டத்தை.

ஒட்டு சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்பதற்கும் இதுதான் அடிப்படை. 1985-ல் மில்லர் என்பவர் ஈறு இறங்குதலை நான்கு வகையாகப் பிரித்தார், 2011-ல் கைரோ என்பவர் அதை மூன்றாகச் சுருக்கினார், இரண்டு பேரும் கேட்கும் முக்கியக் கேள்வி ஒன்றுதான்: பல்லிடுக்கில் எலும்பும் ஈறும் போயிருக்கிறதா? போகவில்லை என்றால் வேரை முழுதாக மூடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. போயிருந்தால் ஓரளவுதான். நிறையப் போயிருந்தால் மூட முயல்வதில் பயனில்லை. உங்கள் கோரைப்பல் முதல் வகையாக இருக்கலாம், கீழ்ப்பற்கள் அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். புகைப்பவர்களுக்கு ஒட்டு சரியாகப் பிடிக்காது, அதனால் புகையை நிறுத்தாதவரை நான் செய்வதில்லை.

துலக்குவது பற்றி. மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து, இருந்த இடத்திலேயே சின்னதாக அசைத்து, பிறகு பல்லின் நுனிப்பக்கம் உருட்டி எடுங்கள். இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இரு முறை. முழுக்கையால் பிடிக்காமல் பேனா பிடிப்பது போல விரல் நுனியால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். அழுத்தினால் எச்சரிக்கும் மின் பிரஷ்ஷும் சிலருக்கு நன்றாக உதவுகிறது. சுத்தமான உணர்வுக்கு அழுத்தம் தேவையில்லை, மென்மையான பிரஷ்ஷில் அந்த உணர்வு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை பொறுங்கள். புளிப்பான எதையாவது சாப்பிட்டாலோ குடித்தாலோ அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். வேருக்கு மேலே எனாமல் கிடையாது, அதைவிட மென்மையான பகுதி, லேசான அமிலத்திலேயே கரையும், தேய்த்தால் சீக்கிரம் பள்ளம் விழும், சொத்தையும் எளிதில் வரும்.

கூச்சத்துக்கு, பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் அல்லது ஸ்டானஸ் ஃபுளோரைடு உள்ள பற்பசை. வலிக்கிற அன்றைக்கு மட்டும் தேய்த்தால் வேலை செய்யாது, தினமும் போட்டால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் குறையும். துலக்கிய பிறகு துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடாதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவமனையில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம்.

மழைமேகம்36:

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நடைவண்டி அண்ணா, வெள்ளைக்காகிதம், உங்களுக்கும். படித்துவிட்டு நேற்றே பிரஷ்ஷை மாற்றிவிட்டேன், ஒரு ஈறு நிபுணரிடம் நாளும் வாங்கிவிட்டேன். மூன்று சந்தேகம் மட்டும். ஈறை வளர வைக்கும் ஜெல், சீரம் என்று விளம்பரம் நிறைய வருகிறதே, அதில் ஏதாவது உண்மை உண்டா? அப்புறம் கோரைப்பல்லில் இருக்கும் அந்தப் பள்ளத்தைப் பல் நிறத்தில் அடைத்துவிடலாமா? கீழே இருக்கும் கறுப்புச் சந்துக்கு எதுவுமே செய்ய முடியாதா? பேசும்போது, சிரிக்கும்போது கை தானாக வாயருகே போய்விடுகிறது.

பல்லும்சொல்லும்:

ஜெல் தடவி ஈறு வளராது. வீக்கம் குறையலாம், வாய் புத்துணர்ச்சியாகத் தோன்றலாம், இழந்த ஈறு திரும்பாது. வீட்டில் எதைத் தேய்த்தாலும் இதே பதில்தான். மருத்துவமனையில் சில இடங்களில் எனாமல் புரதத்தால் ஆன ஒரு ஜெல்லை வேரின் மேல் வைக்கிறோம், அது அறுவையின்போது ஈறைத் திறந்து வைப்பது, குழாயில் வாங்கித் தடவுவதோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பள்ளத்தை அடைக்கலாம், கூச்சத்துக்கும் நல்லது. ஆனால் ஈறு ஒட்டும் எண்ணம் இருந்தால் அதை முதலில் பேசி முடிவெடுங்கள், ஈறு எந்த இடம் வரை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு அடைப்பின் எல்லையை வைப்பதுதான் சரி. அவசரத்தில் முழுதும் அடைத்துவிட்டுப் பிறகு ஒட்ட வருகிறவர்களுக்கு நாங்கள் அடைப்பைக் குறைக்க வேண்டியிருக்கிறது. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அதுவே ஈறை இறக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பிடிப்பு குறைந்த பல்லுக்கு அந்தப் பாரம் கூடாது.

கறுப்புச் சந்துதான் எங்கள் துறையில் மிகக் கடினமான இடம். இரண்டு பல்லும் தொட்டுக்கொள்ளும் புள்ளியிலிருந்து எலும்பு வரை 5 மில்லிமீட்டரோ குறைவாகவோ இருந்தால் ஈறு அந்த இடத்தைக் கிட்டத்தட்ட எப்போதும் நிரப்பியிருக்கிறது, 6 ஆனால் பாதிக்குச் சற்று மேல், 7 ஆனால் கால்வாசி இடங்களில்தான் என்று 1992-ல் டார்னோவும் சகாக்களும் அளந்து காட்டினார்கள். இன்றும் நாங்கள் அந்தக் கணக்கைத்தான் வைத்துப் பேசுகிறோம். ஈறை உயர்த்துவது கடினம் என்பதால் தொடும் புள்ளியைக் கீழே கொண்டுவருவார்கள், பல்லின் பக்கவாட்டில் பல் நிறப் பொருளைச் சேர்த்து வடிவத்தை மாற்றுவார்கள். உங்களுக்கு இப்போதே அது வேண்டாம், முதலில் ஈறு அடங்கட்டும். அதுவரை அந்தச் சந்துக்குள் போகிற அளவில் பல்லிடுக்குப் பிரஷ் ஒன்று வாங்கி தினமும் ஒரு முறை விடுங்கள். பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யும் நூலைவிட அந்தச் சந்துக்கு அதுதான் பொருந்தும். முதல் வாரம் ரத்தம் வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

மழைமேகம்36:

இரண்டரை மாதம் கழித்து வந்து எழுதுகிறேன், யாராவது இதே கேள்வியோடு வந்தால் பயன்படும்.

அளந்தார்கள். கீழ் முன்பற்களில் பை 4, 5. எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பற்கள் ஆடவில்லை. கோரைப்பல்லில் ஈறு 3 இறங்கியிருந்தாலும் பை 1 தான், பக்கத்து இடுக்குகள் நன்றாக இருக்கின்றன. அந்த எண்ணைக் கேட்டதும் டாக்டர் இங்கே எழுதியிருந்தது நினைவுக்கு வந்து அங்கேயே கண் கலங்கிவிட்டது. சர்க்கரை பார்த்தேன், இல்லை. கீழ்வரிசைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ஆழமாகச் சுத்தம் செய்தார்கள், ஒரே தடவையில் முடிந்தது, அன்று இரவு லேசான வலி, மறுநாள் இல்லை. எட்டு வாரம் கழித்து போன வாரம் திரும்ப அளந்தபோது எல்லா இடமும் 3-க்குள் வந்திருக்கிறது, ஒரே ஒரு இடம் 4. அளக்கும்போது ரத்தமும் வரவில்லை. பல்லிடுக்குப் பிரஷ்ஷில் ஒன்பது நாள் ரத்தம் வந்தது, பத்தாவது நாள் நின்றது, குறித்து வைத்திருந்தேன்.

சந்து அப்படியேதான் இருக்கிறது, வீக்கம் வடிந்ததால் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்றுகூடச் சொல்லலாம். கூச்சம் முக்கால்வாசி குறைந்துவிட்டது. கோரைப்பல்லைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஆறு மாதம் புதுப் பழக்கத்தோடு துலக்கிவிட்டு வா, மட்டம் அதே இடத்தில் நிற்கிறதா பார்த்து ஒட்டுவதைப் பேசலாம் என்றார். பெரியம்மாவையும் அழைத்துப்போனேன். அவருக்கும் அளந்து பார்த்தார்கள், அடுத்த மாதம் அவருக்கும் சுத்தம் செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள்.

கணியன்7:

மேலே நான் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், என்னை மாதிரி நினைப்பவர்கள் அதற்குக் கீழே வந்த பதில்களையும் படிக்கட்டும். நானும் போய் அளந்துகொண்டேன். முன்பல்லில் சந்து மூடிக்கொண்டது என்று சொன்னேனே, காரைதான், நடைவண்டி அண்ணா சொன்னது சரி. அது எனக்குத் தெரிந்த இடம். தெரியாத இடம் கடைவாயில் இருந்தது, மேல் வலப்பக்கக் கடைசிப் பல்லில் 6. வரும் திங்கட்கிழமை முதல் அமர்வு.

நடைவண்டி:

6 என்றால் பிடித்துவிடலாம் தம்பி. ஊசி போட்ட பிறகு மரப்பு போகும்வரை எதையும் மெல்லாதீர்கள், நான் தெரியாமல் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். முடிந்ததும் எழுதுங்கள்.